யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்

2023 ஜூன் மாதம் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனோம். நான், அம்மா, ஆறாவது படிக்கும் என் மகன். வாடகை 14,000, அட்வான்ஸ் 70,000, மெயின்டனன்ஸ் 1,500. கரண்டுக்கு மட்டும் "சப் மீட்டர் இருக்கும்மா, யூனிட்டுக்கு ஒன்பது ரூபா" என்றார் ஹவுஸ் ஓனர். சப் மீட்டர் என்றால், ஓனரின் ஒரே ஈபி இணைப்பிலிருந்து நம் போர்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்க அவரே வைக்கும் மீட்டர். சென்னையில் எட்டு, ஒன்பது, பத்து என்று கேட்பது பழகிப்போன விஷயம் என்பதால் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பழைய ரீடிங், புதிய ரீடிங், கழித்தது, ஒன்பதால் பெருக்கியது என்று எழுதிக் கையில் கொடுப்பார். நான் ஜீபேயில் அனுப்புவேன். எப்போதும் ஈபி ஆள் வந்து ரீடிங் எடுத்துப் போன மறுநாள்தான் அந்தத் தாள் வரும். அது ஏன் என்று எட்டு மாதம் எனக்குத் தோன்றவே இல்லை.

2024 பிப்ரவரியில் ஒருநாள் எங்கள் போர்ஷனில் மட்டும் கரண்ட் போனது. வந்த எலக்ட்ரீஷியன் தம்பி பெட்டியைத் திறந்தவுடன் சொன்னார்: "அக்கா, இது சப் மீட்டர் இல்ல. ஈபி மீட்டர். சீல் பாருங்க." பார்த்தேன். இரண்டு மீட்டர்கள், இரண்டிலும் ஈபி சீல், பெட்டிக்கு மேலே சுவரில் பெயின்டால் எழுதிய இரண்டு சர்வீஸ் நம்பர்கள். எங்கள் மீட்டரின் பின்னால் மடித்துச் செருகிய ஈபி கார்டு ஒன்று இருந்தது. அதில் தேதி, ரீடிங், யூனிட், தொகை என்று வரிசையாக எழுதியிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இரவு உட்கார்ந்து அந்தக் கார்டையும் என் ஜீபே கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு பில்கள். 310, 280, 250, 240 யூனிட். ஈபிக்குப் போனது 720, 585, 450, 405. நான் கொடுத்தது 2,790, 2,520, 2,250, 2,160. மொத்தம் ஈபிக்கு 2,160 ரூபாய். என்னிடம் வாங்கியது 9,720. நடுவில் நின்ற பணம் 7,560. என் அம்மாவின் நான்கு மாத மாத்திரைச் செலவு அது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், அப்போதைய கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறுக்கு 2.25, 201 முதல் 400 வரை 4.50. தனி இணைப்பு இருக்கும் வாடகைதாரருக்கு இந்தச் சலுகை முழுதாக வந்து சேர வேண்டும். நிஜமாகவே சப் மீட்டர்தான், ஓனரோடு ஒரே இணைப்பு என்றாலும் ஒன்பது ரூபாய் எப்படி வரும் என்று போட்டுப் பார்த்தேன். இரு வீடும் சேர்ந்து 700 யூனிட் ஓடினால் பில் 3,650. யூனிட்டுக்குச் சராசரி 5.21. ஆயிரம் யூனிட் ஓடினால்கூட 6,550, சராசரி 6.55. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, உங்கள் யூனிட்டால் பெருக்குங்கள். நியாயமான தொகை அதுதான். 2024 ஜூலையில் கட்டணம் மாறியது, அதனால் நீங்கள் போடும்போது இப்போதைய கட்டணத்தை வைத்துப் போடுங்கள்.

மறுநாள் மாலை கீழே போய்ப் பேசினேன். கோபப்படக் கூடாது என்று முடிவோடுதான் போனேன்.

"மோட்டார் ஓடுதில்ல? படிக்கட்டு லைட் எரியுதில்ல? அதெல்லாம் யாரும்மா கட்டுவாங்க?" என்றார்.

"அதுக்குத்தானே சார் மெயின்டனன்ஸ் 1,500 தர்றோம்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்தத் தெருவுல எல்லாரும் இப்படித்தான். இஷ்டமில்லன்னா வேற வீடு பார்த்துக்கோங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் நம்மில் பாதிப் பேரை வாயடைக்க வைக்கிறது. பள்ளிக்கூடம் பக்கத்தில், அட்வான்ஸ் அவர் கையில், வீடு மாறினால் வண்டிக்கூலி, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. எனக்கும் இரண்டு நாள் வாய் அடைத்துத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு கடிதம் எழுதினேன். சண்டை வார்த்தை ஒன்றும் இல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தேன், கார்டில் எவ்வளவு இருக்கிறது, வித்தியாசம் எவ்வளவு, மெயின்டனன்ஸில் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் தாருங்கள், இனி ஈபி பில்லை நானே கட்டிக்கொள்கிறேன். இவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு, ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். ஒரே வீட்டின் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்குப் பதிவுத் தபாலா என்று அம்மா சங்கடப்பட்டாள். ஆனால் பின்னால் எல்லாவற்றுக்கும் பிடிமானமாக இருந்தது அந்த ஒப்புகை அட்டைதான்.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை குழாயில் தண்ணீர் இல்லை. கேட்டால், மோட்டார் போட மறந்துவிட்டாராம். அடுத்த நாளும் மறந்தார். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 20ஆம் பிரிவு, என்ன தகராறாக இருந்தாலும் தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர் வசதி போன்றவற்றை ஓனர் நிறுத்தக் கூடாது என்கிறது. நிறுத்தினால் ரெண்ட் அத்தாரிட்டி எனப்படும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். இதை இரண்டு வரியில் மெசேஜ் அனுப்பினேன். சாயங்காலம் மோட்டார் ஓடியது.

அடுத்து பஸ் ஏறி பாரிமுனை போனேன். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகச் சட்ட ஆலோசனை கிடைக்கும். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். இது ஏன் இன்னும் வீட்டுக்கு வீடு தெரியாமல் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். வக்கீல் நோட்டீஸுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும் என்று பயந்துதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அங்கே இருந்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது, "அக்ரிமென்ட் பதிவு பண்ணிருக்கீங்களா?" நான் பெருமையாக எங்கள் 20 ரூபாய் பத்திரத்தை நீட்டினேன். பதினோரு மாத ஒப்பந்தம், நோட்டரி முத்திரையோடு. அவர் தலையசைத்தார். பதினோரு மாதம் என்றால் பதிவே வேண்டாம் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் 2017ஆம் ஆண்டின் அந்த வாடகைச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தம் சாட்சியமாக நிற்காது. "உங்க பலம் ஜீபே கணக்கும் ஈபி கார்டும்தான். கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவோம்" என்றார். வழக்குக்கு முந்தைய சமரச மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் செலவில்லை.

ஓனருக்கு அழைப்புக் கடிதம் போனது. மார்ச் மாதம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கார்டின் போட்டோவைப் பார்த்ததும் கரண்ட் விஷயத்தில் அவர் அதிகம் வாதாடவில்லை. 7,560 ரூபாயையும் ஏப்ரல், மே வாடகையில் பாதிப் பாதியாகக் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். மெயின்டனன்ஸுக்குத்தான் நேரம் பிடித்தது. படி பெருக்குகிறவருக்கு 500, மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் என் பங்கு 400 என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மிச்சம் 600 எதற்கு என்ற இடத்தில் நின்றுவிட்டார். கடைசியில் 1,000 என்று முடிந்தது. அவரை மோசமான மனிதர் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு குடும்பங்களும் கேட்காமல் கொடுத்தார்கள், அவரும் வாங்கிப் பழகிவிட்டார்.

காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்ற வரியையும் அன்றே எடுத்துப் பேசினோம். சென்னையில் இது இல்லாத அக்ரிமென்ட் அபூர்வம். வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய் வரிசை மாற்றுவது, வயரிங் எல்லாவற்றையும் ஓனரின் பக்கம் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கீசர் ரிப்பேர், சாக்கடை அடைப்பு எடுப்பது நம் பக்கம். நாங்கள் சேதப்படுத்தினால் மட்டும் பிடித்தம் என்று அந்த வரி மாறியது. அட்வான்ஸ் பற்றியும் கேட்டேன். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம், ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அது செல்லும். நான் ஐந்து மாதத்துக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவள். அதனால் அதை விட்டுவிட்டேன்.

புது ஒப்பந்தத்தை டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதிவுக்குப் போட்டோம். இருவரின் ஆதார், பான், போட்டோ எல்லாம் வேண்டும். படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு: வாடகைக்கு ஒரு கட்டம், அதற்குக் கீழே இதர கட்டணங்கள் என்று போட்டு மின்சாரம், தண்ணீர் எனத் தனித்தனியாகக் கேட்கிறது. மின்சாரம் என்ற இடத்தில் "வாடகைதாரர் நேரடியாகச் செலுத்துவார், இணைப்பு எண் இது" என்று ஓனரே தன் கையால் எழுதினார். பதிவு எண் வந்ததும் அதை பிரின்ட் எடுத்து அட்வான்ஸ் ரசீதோடு வைத்திருக்கிறேன்.

லாரித் தண்ணீர் செலவு மட்டும் இன்னும் தீரவில்லை. கோடையில் கிணறு வற்றினால் யார் எவ்வளவு கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுத இருவருக்குமே மனம் வரவில்லை. லாரி வரும்போது ரசீதைக் காட்டுங்கள், பாதி தருகிறேன் என்று வாய்வார்த்தையாக நிற்கிறது.

ஏப்ரல் பில் 330 யூனிட், 810 ரூபாய். போனில் சர்வீஸ் நம்பரைப் போட்டு நானே கட்டினேன். பழைய கணக்குப்படி அது 2,970.