ஹைட்ரோஸில் ஹைட்ரஜன் இல்லை

மதுரைப் பக்கம் சாயப் பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று கேட்டு வாங்கும் வெள்ளைத் தூளின் முறையான பெயர் சோடியம் டைதயோனைட். ‘டை’ என்றால் இரண்டு, ‘தயோன்’ கந்தகத்தின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. மூலக்கூற்றில் இரண்டு கந்தக அணுக்கள். ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. ஹைட்ரோசல்ஃபைட் என்ற பழைய பெயர்தான் குழப்புகிறது. ஆர்டரில் சோடியம் ஹைட்ரஜன் சல்ஃபைட் என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு உப்பு. ஹைட்ரோஸைப் போல அவுரி நீலச் சாயத்தைத் தண்ணீரில் கரைக்காது.

அவுரித் தொட்டி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். நீலம் திரும்பினால் காற்று ஹைட்ரோஸைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். லிட்டருக்கு 1 கிராம் தூவி, நுரைக்காமல் மெதுவாகக் கிளறி, நிறம் மாறும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு முக்கினால் சாயம் மேலோடு ஒட்டும், துவைத்தால் போய்விடும்.

டப்பாவுக்குள் ஈரக் கரண்டி மட்டும் போகவே கூடாது. ஈரம் பட்ட தூள் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.