சிவப்புப் பூ வந்த படம்

"இதுல நான் இல்லையே தாயி. அவகிட்டல்ல கேக்கணும்?" என்றார் அப்பத்தா. கோயில்காட்டில் அவருக்கு அருள் வந்தபோது எடுத்த படத்தைக் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். 'அவ' என்றது அம்மனை. கேமரா திரையில் இருந்தது அவரேதான். அவிழ்ந்த கூந்தல், முகமெல்லாம் மஞ்சள், பின்னால் உசில மரங்களின் இடுக்கில் இறங்கிய கொஞ்சம் வெயில்.

அனுமதி இல்லாமல் எடுத்ததல்ல. கமிட்டியில் பேசி, பூசாரியிடம் சொல்லி, அப்பத்தாவிடமும் தனியாகக் கேட்டிருந்தேன். தாளில் கைரேகை கூட வைத்தார். கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கிற இடத்தில் என்னை உட்காரவிட்டதே நானும் பெண் என்பதால்தான். அருள் இறங்கியதும் கேமராவைக் கீழே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஃபிளாஷ் போடவில்லை, பக்கத்தில் போகவில்லை. சுற்றி நின்ற இளவட்டங்கள் எல்லாம் செல்போனில் வீடியோ எடுத்து, சாயங்காலத்துக்குள் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்கள். அவர்களை யாரும் அம்மனிடம் கேட்கச் சொல்லவில்லை. கேட்கப் போனவள் நான்தான் என்பதால் எனக்கு மட்டும் இந்தச் சட்டமோ?

"உங்களுக்குச் சரின்னா போதும் அப்பத்தா" என்றேன். அவர் விடவில்லை. அம்மனின் சம்மதம் கேட்டுப் பூ கட்டிப் பார்த்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகத் தனித்தனியே மடித்துப் போட்டு, ஒரு பொடிசை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது, வேண்டாம் என்று அர்த்தம். அப்பத்தா சிரித்துக்கொண்டே, "சரி விடு, வேற எடுத்துக்க" என்றார்.

படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். ஏற்பாடு செய்தவருக்கு வருத்தம். தொட்டில் கட்டும் கைகள், பொங்கப்பானை, முதுகு காட்டி நிற்கிற பெண்கள் என்று மீதிப் படங்கள் ஒப்பேறின. அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றில்கூட முகம் இல்லை.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோவில் காட்டைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகு, கோயில்காடு என்றால் எல்லோரும் காது கொடுக்கிறார்கள். அது மொத்தமே 4.97 ஹெக்டேர். அவ்வளவு சின்ன காடுகள் தப்பிப் பிழைப்பது சாமிக்குப் பயந்துதான் என்று கண்காட்சிக் குறிப்பில் நானே எழுதினேன். நான் படமெடுத்த காட்டிலும் அதே கட்டுப்பாடுதான். சுள்ளி ஒடிக்கக்கூடாது. தானாக விழுந்த விறகு அங்கேயே பொங்கலுக்கு எரியலாம், வீட்டுக்குப் போகக்கூடாது. கமிட்டியில் உட்காருவது ஆண்கள். ஆனால் விறகு பொறுக்கப் போகிறவர்கள் பெண்கள். காலடியில் கிடப்பதைத் தொடாமல் அந்தக் காட்டைத் தாண்டி நடந்து, வேறெங்கோ போய்ப் பொறுக்கி வருகிறவர்கள். காட்டைக் காத்தவர் முகம் இல்லாமல் காட்டைப் பற்றி ஒரு கண்காட்சி.

கோடரியைத் தடுக்கிற நம்பிக்கையைப் புகழ்வேன், என் படத்தைத் தடுத்தால் மட்டும் முணுமுணுப்பேன் என்றால் அது நியாயமில்லை. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிஷமே, படம் எடுப்பதால் காட்டில் ஒரு இலையாவது குறைந்ததா என்று தோன்றும். தகப்பனில்லாமல் பிள்ளைகளை வளர்த்து, ஊர்க் கூட்டத்தில் ஓரமாக நின்றே பழகிய ஒரு பெண், ஆண்களை எல்லாம் அதட்டிக் குறி சொன்ன நேரம் அது. அதை மறைத்துவைத்தது மரியாதையா, இல்லை கமிட்டிக்காரர்களுக்கு வசதியா? மறைக்கச் சொன்னது அந்தப் பெண்தானே என்பதையும் தள்ளிவிட முடியவில்லை. சொன்னது அவரும் இல்லை, பூ.

இப்போது அப்பத்தாவின் மகள் அந்தப் படத்தைக் கேட்கிறார். "அம்மாவை அப்படி ஒரு படம் எங்ககிட்ட இல்லக்கா. வெளியில யாருக்கும் காட்ட மாட்டோம், வீட்டுல மாட்டத்தான்." அப்பத்தாவிடம் கேட்டாயா என்றதற்கு, அம்மாவுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியாக இல்லை என்றார்.

வீட்டுக்குக் கொடுப்பது வேறு, கண்காட்சி வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். ஆனால் அன்றைக்குப் பூ போடும்போது அப்பத்தா கேள்வியை வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள் நினைத்துக்கொண்டார். ஊருக்குக் காட்டலாமா என்று கேட்டாரா, படமே இருக்கலாமா என்று கேட்டாரா, எனக்குத் தெரியாது. இரண்டாவதாக இருந்தால், இன்னும் ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பதற்கே நான் பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு, "தேடிப் பார்க்கிறேன்மா" என்று அனுப்பியிருக்கிறேன்.