பேனலை வடக்கே திருப்புங்கள்

நம் கியூர்பிப் ஊர் மழைக்கெல்லாம் சோலார் வெந்நீர் சரிப்படாது என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லிக்கொண்டே கேஸ் சிலிண்டரை மாற்றுகிறார், அந்த கேஸ் மொரீஷியஸுக்குக் கப்பலில் வருகிறது என்பதை யாராவது அவருக்குச் சொல்லுங்களேன். கரீபியன் தீவான பார்படோஸ் 1974லேயே சோலார் வெந்நீருக்கு வரிச்சலுகை கொடுத்துவிட்டது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் 2010 முதல் புது வீடு கட்டினால் வெந்நீரில் பாதியாவது சூரியனிலிருந்து வரவேண்டும், சட்டமே அப்படி. மோட்டார்கூட வேண்டாம், பேனலில் சூடேறிய தண்ணீர் தானாகவே மேலே இருக்கும் தொட்டிக்கு ஏறிவிடும். மூடாப்பு நாளுக்குத் தொட்டிக்குள்ளேயே ஒரு கரண்ட் காயில் இருக்கும்.

அப்புறம் முக்கியமான விஷயம், தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துப் பேனலைத் தெற்கே திருப்பி வைக்காதீர்கள், நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், நமக்கு வடக்கு! புயலுக்குத் தாங்குகிற மாதிரி கான்கிரீட்டில் போல்ட் அடிக்கச் சொல்லுங்கள், வெறும் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.