“ஆமிக்கு அங்க என்ன வேலை, தம்பி?”

2020 நவம்பர் 25, புதன்கிழமை. ரொறன்ரோவில் இரண்டாவது முடக்கம் தொடங்கி மூன்றாம் நாள். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறையில், உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு திரைகள், ஒரு ஹெட்செட். அதுதான் என் அலுவலகம். இணையத்தில் பங்கு வாங்கி விற்பவர்கள் சிக்கல் வந்தால் கூப்பிடும் தொலைபேசிப் பிரிவில் எனக்கு வேலை. வலப்பக்கத் திரையின் மூலையில், வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒரு சிறு எண் தெரியும். வழக்கமாக நாலு, ஐந்து. அன்று அறுபதைத் தாண்டிச் சிவப்பாகிவிட்டது.

முதல் அழைப்பிலேயே காரணம் விளங்கியது. அலாஸ்காவின் பெபிள் சுரங்கத்துக்கு அனுமதி இல்லை என்று அமெரிக்க இராணுவப் பொறியியல் படை முடிவு சொல்லியிருந்தது. அந்தத் திட்டம் வன்கூவரில் இருக்கும் நார்தர்ன் டைனஸ்டி நிறுவனத்துடையது. ஒரே நாளில் அதன் பங்கு ஏறத்தாழப் பாதி விலைக்கு வந்துவிட்டது.

அன்று என்னோடு பேசியவர்களில் ஒருவர்கூட அலாஸ்காவைக் கண்ணால் கண்டவரில்லை. ஆனால் எல்லோருக்கும் எண்கள் மனப்பாடம். செம்பு 5,700 கோடி இறாத்தல், தங்கம் 7 கோடியே 10 லட்சம் அவுன்ஸ். ஒரு லொறிச் சாரதி எனக்கு அதைக் கனடா மக்கள் தொகையால் வகுத்துக் காட்டினார். “ரிசேர்வ் இவ்வளவு இருக்கிறதே, எப்படி மறுக்க முடியும்?” என்பதுதான் அவருடைய கேள்வி. பிறகு வந்தவர்களும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்: ரிசேர்வ்.

கம்பனியின் அறிக்கைகளில் அந்தச் சொல் இல்லை. அங்கே இருந்தது ‘ரிசோர்ஸ்’. எங்கள் தொழிலில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று துளைபோட்டு அறிந்த கணக்கு ரிசோர்ஸ். அதைத் தோண்டி எடுத்தால் இலாபம் வரும், சட்டமும் இடம் கொடுக்கும் என்று காட்டிய பிறகுதான் அதில் ஒரு பகுதியை ரிசேர்வ் என்று எழுதலாம். அரசாங்க அனுமதி அந்த இலக்கணத்துக்குள்ளேயே வருகிறது. இருபது வருடத்துக்கு மேல் பேசப்பட்ட பெபிளில் ரிசேர்வ் என்று ஒரு அவுன்ஸ்கூட எழுதப்படவில்லை. இதை நான் அன்று யாருக்கும் விரித்துச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எங்களுடையது உத்தரவை நிறைவேற்றிக் கொடுக்கும் சேவை மட்டும். வாங்கு, விற்காதே, இது ஆபத்து என்று ஒரு பங்கைப் பற்றி வாயைத் திறந்தால் அது ஆலோசனையாகிவிடும். எல்லா அழைப்பும் பதிவாகிறது. அந்த விதி வாடிக்கையாளரின் நன்மைக்காகத்தான் இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்று அது எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

மாலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஐயா வந்தார். என் பெயரைக் கேட்டதும் குரல் மாறியது.

“தம்பி, நீர் தமிழோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப எனக்கு ஒண்டைச் சொல்லும். சுரங்கம் தோண்டுறதுக்கும் ஆமிக்கும் என்ன? ஆமிக்கு அங்க என்ன வேலை, தம்பி?”

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் ‘ஆமி’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லோடு எதெல்லாம் வருகிறது என்று எனக்குத் தெரியும். இது துவக்குத் தூக்கும் ஆமி இல்லை, அணையும் துறைமுகமும் ஆறும் பார்க்கிற எஞ்சினியர்மார் என்றேன். 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின்படி, ஒரு சதுப்பு நிலத்தையோ ஓடையையோ மண்போட்டு மூடுவதென்றால் அவர்களிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். பெபிள் திட்டத்தில் மூடப்படவோ பாழாகவோ இருந்தது 2,800 ஏக்கருக்கு மேற்பட்ட சதுப்பு நிலம், சுமார் 130 மைல் ஓடைகள்.

“அப்ப ஜூலையில அவங்கள்தானே மீனுக்குப் பெரிசா ஒண்டும் வராது எண்டு எழுதினவங்கள்? அதைப் பார்த்துத்தானே நான் வாங்கினனான்.”

அன்று வந்த அழைப்புகள் அத்தனையிலும் இருந்த கோபம் இதுதான். நியாயமான கோபம். ஜூலையில் வந்த இறுதிச் சுற்றுச்சூழல் அறிக்கை, மீன்களின் எண்ணிக்கையில் அளக்கக்கூடிய பாதிப்பை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னது உண்மை. பங்கு இரண்டு டொலருக்கு மேலே போனதும் அப்போதுதான். நாலே மாதத்தில் அதே அலுவலகம், இத்திட்டம் பொதுநலனுக்கு மாறானது என்று முடித்துவிட்டது. தொலைபேசியில் இருந்தவர்களுக்கு இது பேச்சு மாறியதாகவே பட்டது. ஆனால் சுற்றுச்சூழல் அறிக்கை என்பது தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்கு முன்னால் மேசையில் வைக்கும் ஆவணம். ஓகஸ்ட் மாதமே அந்த எஞ்சினியர்மாரிடமிருந்து கம்பனிக்கு ஒரு கடிதம் போயிருந்தது. அழிக்கிற சதுப்பு நிலத்துக்கு ஈடாக அதே ஆற்றுப் படுகையில் என்ன மீட்டுத் தருவாய் என்று கேட்டிருந்தார்கள். கெட்டுப்போன நிலம் இருந்தால் அல்லவா மீட்டுக் கொடுக்கலாம்? அங்கே அப்படி எதுவும் கெடவில்லை. அந்த இடத்தின் சுத்தமே விடை சொல்ல முடியாத கேள்வியாகிவிட்டது. கடிதம் பகிரங்கமாக இருந்தது. அதைப் படித்ததாகச் சொன்ன ஒரு வாடிக்கையாளரை நான் சந்திக்கவில்லை. ஜூலை அறிக்கையின் அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் படித்திருந்தார்கள்.

ஐயா விற்கவில்லை. 12,000 பங்கு, அப்படியே கிடக்கட்டும் என்றார்.

பிறகு 2021 பெப்ரவரியில், வரிக் கணக்குக் காட்டும் காலத்தில், மறுபடியும் என்னிடமே வந்து சேர்ந்தார். இப்போது விற்றால் நட்டத்தை வரியில் காட்டலாமா என்று கேட்டார். கணக்கைத் திறந்து பார்த்தேன். வாங்கியிருந்தது வரியில்லாச் சேமிப்புக் கணக்கில். இலாபம் வந்தால் அதற்கு வரி இல்லை. நட்டம் வந்தால் அதை எங்கும் காட்டவும் முடியாது. அதைவிட மோசமானது, அந்த நட்டத்தோடு போன சேமிப்பு வரம்பும் திரும்ப வராது. 2009இலிருந்து 2020 வரை ஒருவர் அதில் போடக்கூடியது மொத்தமாக 69,500 டொலர். அதில் ஒரு துண்டு அலாஸ்காவில் புதைந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு அனுமதி உண்டு. விதியை வாசித்துக் காட்டுவதுபோல் சொன்னேன். மறுமுனையில் சுவர்க்கடிகாரம் அடிக்கும் சத்தம் கேட்டது.

அன்று வரிசையில் யாரும் இல்லை. அவர்தான் பேச்சை மாற்றினார். அந்த மீன் என்ன மீன் என்று கேட்டார். சொக்கை சால்மன், ஐயா. உலகத்தில் கிடைக்கும் சொக்கையில் ஏறத்தாழப் பாதி, அந்த ஆறுகள் போய்ச் சேரும் பிரிஸ்ரல் விரிகுடாவில்தான். கடலில் வளர்ந்து, பிறந்த ஓடைக்கே திரும்பிப் போய் முட்டையிட்டுச் சாகிற மீன். நல்ல வருடத்தில் ஐந்து கோடிக்கு மேல் வரும். செவுள் வலைதான் போடுவார்கள். படகு 32 அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம்.

“முப்பத்திரண்டு அடியோ?” என்றார். “எங்கட மூண்டரைத் தொன் போட் இருபத்தெட்டு.”

யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரான மயிலிட்டிக்காரர். 1990இல் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஆமி துறைமுகத்தை விட்டது 2017 ஜூலையில். 27 வருடம். அவருடைய தகப்பனாரின் படகு கரையிலேயே கிடந்து என்ன ஆனதோ, தெரியாது என்றார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல்: “பங்கு வாங்கேக்க உந்த மீன் கதையை ஒருத்தரும் சொல்லேல்லை.” நான் பதில் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டாரா என்று கேட்கவும் மனம் வரவில்லை.

அனுமதி மறுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆறுகள் பிறக்கும் இடத்தில் அப்படி ஒரு குழியும் அதன் கழிவுத் தேக்கமும் வரக்கூடாது. ஆனால் அந்த ‘இல்லை’ வந்த விதத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2014இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடுக்கப் போவதாகச் சொன்னது. 2017இல் ஆட்சி மாறியதும், அதை எதிர்த்துக் கம்பனி போட்ட வழக்கில் சமரசம். 2019இல் தடை யோசனை வாபஸ். 2020இல் மறுப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் விலை ஏறும், ஒரு புதுக் கூட்டம் உள்ளே வரும், அடுத்த திருப்பத்தில் அகப்படும். பெரிய சுரங்கக் கம்பனிகள் எப்போதோ போய்விட்டன. ஆங்கிலோ அமெரிக்கன் 54 கோடி டொலருக்கு மேல் செலவழித்த பிறகு 2013இல் விலகியது. ரியோ ரின்ரோ தன்னிடமிருந்த 19.1 வீதப் பங்கை விற்கக்கூட இல்லை. 2014இல் அலாஸ்காவின் இரண்டு அறக்கட்டளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. உலகத்தின் பெரிய சுரங்கக் கம்பனி ஒன்று தானமாகக் கொடுத்ததை, லொறி ஓட்டுபவரும் ஓய்வூதியக்காரரும் காசு கொடுத்து வாங்கினார்கள். ஒரு நாடு முடியாது என்று சொல்லத்தான் போகிறதென்றால் அதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். சுரங்கம் வருமா வராதா என்று தெரியாமல் பல வருடம் காத்திருந்த அந்த விரிகுடாவின் மீனவர்களுக்கும் அது நன்மையாக இருந்திருக்கும்.

2023 ஜனவரி 31. சுற்றுச்சூழல் முகமை, அந்த ஆறுகள் பிறக்கும் இடத்தில் பெபிளின் கழிவைக் கொட்டுவதற்குத் தன் இறுதித் தடையை அறிவித்தது. நான் அப்போது வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போய்வந்தேன். இந்தமுறை வரிசை சிவப்பாகவில்லை. கூப்பிட வேண்டியவர்களில் பலர் எப்போதோ விற்றுவிட்டார்கள். பங்கு அரை டொலருக்கும் கீழே கிடந்தது.

ஐயா பகல் ஒன்றரைக்கு வந்தார். இணையத்தில் தானே விற்றிருக்கலாம், தொலைபேசியில் கட்டணம் கூட என்று நினைவூட்டினேன். பரவாயில்லை என்றார். உத்தரவை ஆங்கிலத்தில் திருப்பி வாசிக்க வேண்டும். பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பவர்களுக்கு விளங்க வேண்டும். வாசித்தேன். 12,000 பங்கு, விற்பனை, வரம்பு விலை, இன்றைக்கு மட்டும். சரியா ஐயா?

“ஓம், போடும்.”

ஐயாயிரம் போனது. இன்னொரு ஐயாயிரம். மிச்சம் இரண்டாயிரத்துக்கு ஆள் கிடைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அதுவும் போனதும், உறுதிப்படுத்தும் இலக்கத்தைச் சொல்லவா என்று கேட்டேன்.

“நில்லும் தம்பி, பேனை எடுத்துக்கொண்டு வாறன்.”

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். செருப்பு இழுபடும் சத்தம். நான் காத்திருந்தேன்.