க்ராஸ்டாக் கேள்வி: ஒரு முழம் கேபிளை வைத்துப் படித்தது

டிப்ளமோவில் டிஜிட்டல் கம்யூனிகேஷன் தாள் எனக்கு அரியர் விழுந்தது. தொலைபேசி கேபிளில் பல்ஸ் அனுப்பும்போது க்ராஸ்டாக்கை, அதாவது ஒரு லைனின் சிக்னல் பக்கத்து லைனுக்குள் கசிவதை, எப்படிக் குறைப்பது என்ற பெரிய கேள்விக்கு வழிமுறைகளின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு வந்திருந்தேன். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

மறுதேர்வுக்குக் கோத்தகிரியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். மாமா கேபிள் ஜாயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "முதல்ல இதைப் பிரிச்சுப் பாரு மாப்ள, அப்புறம் புக்கைத் திற" என்று ஈரம் புகாமலிருக்க ஜெல்லி நிரப்பிய தொலைபேசி கேபிளில் ஒரு முழத்தைக் கையில் கொடுத்தார்.

ஜெல்லியைத் துடைத்துவிட்டு வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு ஜோடிகளை அருகருகே வைத்து முறுக்குகளை எண்ணினேன். இரண்டுக்கும் எண்ணிக்கை வேறு. ஒரே அளவில் முறுக்கியிருந்தால் ஒரு கம்பி பக்கத்து ஜோடியின் அதே கம்பியையே வழி நெடுக ஒட்டிப் போகும், பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும். அளவு மாறினால் இரண்டு கம்பிகளுக்கும் ஏறக்குறைய சமமாக விழுந்து கழிந்துவிடும்.

அடுத்து ரிப்பீட்டர், அதாவது வழியில் தேய்ந்து வரும் பல்ஸை வாங்கிப் புதிதாக்கி அனுப்பும் கருவி. விடையின் உயிர் இங்கேதான். 1962இல் அமெரிக்காவில் வந்த டி1 என்ற டிஜிட்டல் தொலைபேசி முறையில் ஒரு திசைக்கு ஒரு ஜோடியில் 24 பேச்சுகள், வேகம் நொடிக்கு 1.544 மெகாபிட், சுமார் 6000 அடிக்கு ஒரு ரிப்பீட்டர். வந்து சேரும் பல்ஸ் 30 டெசிபல் தேய்ந்திருந்தால் அதன் திறன் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதே இடத்திலிருந்து எதிர்த்திசைக்குப் புது பல்ஸ் முழு பலத்தோடு கிளம்புகிறது. எதிர்மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவதைக் கேட்க முயலும்போது நம் காதருகே இன்னொருவர் கத்துவது போல. இதுதான் அருகுமுனை க்ராஸ்டாக். அதனால்தான் போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனி கேபிள் போடுகிறார்கள். ஒரே கேபிள் என்றால் தள்ளியிருக்கும் ஜோடிக் கட்டுகளில் பிரிக்கிறார்கள், அல்லது நடுவே உலோகத் திரை வைத்த கேபிள் போடுகிறார்கள். இந்தப் படத்தைக் கட்டாயம் வரையுங்கள். படம் இருந்தால் விளக்கம் தானாக வரும்.

ஏ.எம்.ஐ. (ஆல்டர்னேட் மார்க் இன்வர்ஷன்) கோடிங்கை, அதாவது பிட்களைப் பல்ஸாக மாற்றும் முறையை, விட்டுவிடாதீர்கள். 1 வரும்போதெல்லாம் பிளஸ், மைனஸ் என்று மாற்றி மாற்றி அனுப்புவதால் ஆற்றல் பெரும்பாலும் பிட் வேகத்தின் பாதியை ஒட்டியே நிற்கும், டி1க்கு 772 கிலோஹெர்ட்ஸ். அதிர்வெண் இரட்டித்தால் அருகுமுனை க்ராஸ்டாக் சுமார் 4.5 டெசிபல் ஏறும் என்பதையும் சேர்த்து எழுதினால் காரணம் முழுமையாகும். அதே திசையில் போகும் பக்கத்து ஜோடியின் பல்ஸ் கசிந்து மறுமுனையில் வந்து சேர்வதுதான் தொலைமுனை க்ராஸ்டாக், அதற்கு இரண்டு வரி போதும்.

மாமா சொன்ன ஒன்றைக் கடைசிப் பத்தியாக எழுதினேன். ஜாயிண்டில் ஒரு ஜோடியின் கம்பியைப் பக்கத்து ஜோடியின் கம்பியோடு சேர்த்து ஒரே லைனாகக் கட்டிவிட்டு, மறுமுனையிலும் அப்படியே எடுத்தால் மீட்டரில் லைன் சரியாகவே காட்டும். ஆனால் முறுக்கின் பலன் போய்விடும், அடுத்த லைனின் பேச்சு உள்ளே வரும். "மழையில குழிக்குள்ள உக்காந்து கட்டும்போது இது ஈஸியா நடந்துரும்" என்றார். ஜாயிண்டைப் பிரித்து, நிறம் பார்த்து, ஜோடி ஜோடியாகத் திருப்பிக் கட்டுவதுதான் அதற்கு வழி.