பின்னுக்கு ஒருக்காப் பாரடி

"எடியே, பின்னுக்கு ஒருக்காப் பார்." வகுப்பில் எழும்பும்போது பக்கத்தில் இருந்தவளிடம் இப்படிக் கேட்காதவள் எங்களில் இருந்திருக்க மாட்டாள். வெள்ளைச் சீருடை அல்லவா? மாதவிடாய்க் கறை பட்டால் புத்தகப்பையைப் பின்னால் பிடித்தபடி, தோழிகள் அணைவாக வர, வீடு போய்ச் சேருவோம். யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம் வேறு. சவர்க்காரமே அருமையான அந்த நாட்களில் பழைய வேட்டித் துணியைத் துவைத்து, ஒருவர் கண்ணிலும் படாமல் காயப்போட்டோம்.

எனக்குச் சாமத்தியச் சடங்கு பெரிதாகத்தான் நடந்தது. பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி எல்லாம் தந்தார்கள். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இனப்பெருக்கப் பாடம் வந்தபோது, "இதை வீட்டில வாசியுங்கோ" என்று ரீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், பாவம்.

மாதாமாதம் எனக்கு வந்த நோவில் சத்தி எடுப்பேன். நிமிர்ந்து நிற்க முடியாது. "பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்றார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து ஊரே நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நகர்ந்தபோது எனக்கு இரண்டாம் நாள். ஒதுங்க இடமில்லை. அம்மம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தந்தா. அன்றைக்கும் நோகிறது என்று நான் வாய் திறக்கவில்லை.

கனடாவில், 35 வயதில், வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்த்த பிறகுதான் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் இருப்பது தெரிந்தது. கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே, சூலகத்திலும் குடலோரத்திலும் வளர்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வகுப்பில் 40 பேர். அப்படியென்றால் மற்ற மூன்று பேர் யார்? மேசையில் தலைசாய்த்துக் கிடந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.

போன வருடம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். அன்றிரவே ஒருத்தி அழைத்தாள். "எனக்கும் அப்படித்தானடி, மலசலம் போகேக்கையும் நோகும். வயது போனால் நிற்கும் எண்டு இருந்திட்டன்." அப்புறம் இருவருமாக, அவள் டாக்டரிடம் சொல்ல வேண்டியதை எழுதத் தொடங்கினோம்: எந்த நாளில் தொடங்கும், எங்கே நோகும், எத்தனை குளிசை போட்டும் அடங்காது. எழுதி முடிக்க விடிந்துவிட்டது.