வைவாவில் முதலில் ஆழத்தை வரையுங்கள்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. காம்ப்ரிஹென்சிவ் வைவா (வாய்மொழித் தேர்வு) பாஸ். என் தலைப்பு, அயனி பதித்த (வேகமான அயனிகளை மேற்பரப்புக்குள் செலுத்திய) 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஃபேஸ் (படிக அமைப்பு) மாற்றம். அடுத்து உட்காரப் போகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எதற்கும் முன்னால் போர்டில் அயனி இறங்கும் ஆழத்தை வரைந்துவிடுங்கள். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் நைட்ரஜன் ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான் உள்ளே போகும். வழக்கமான எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காணும் முறை) கதிர் சில மைக்ரான் இறங்கி, அடியில் மாறாமல் கிடக்கும் ஆஸ்டெனைட்டையே (304இன் இயல்பான ஃபேஸ்) பெரிதாகக் காட்டும். இந்தப் படம் போர்டில் இருந்தால் ஏன் கிரேசிங் இன்சிடென்ஸ் (கதிரை மிகச் சாய்வாக விட்டு மேற்பரப்பை மட்டும் பார்ப்பது), ஏன் கன்வர்ஷன் எலக்ட்ரான் மாஸ்பவர் (மேற்பரப்பை ஒட்டிய இரும்பணுக்களின் நிலையைக் காட்டும் அளவீடு) என்று எது கேட்டாலும் விரலால் காட்டியே பதில் சொல்லலாம். எனக்குச் சாக்பீஸ் கையில் இருந்தால்தான் யோசனை ஓடும். மளமளவென்று பேச வருகிறவர்களும் இதைச் செய்து பாருங்கள்.

பதித்தால் என்ன ஃபேஸ் வரும் என்று கட்டாயம் கேட்பார்கள். ஒற்றைப் பதில் சொல்லிவிடாதீர்கள்.

- ஆர்கான், செனான்: எஃகில் கரையாமல் குமிழியாகத் தேங்கும். அதனால் எழும் தகைவு (உள் அழுத்தம்) ஆஸ்டெனைட்டை மார்டென்சைட்டாக (காந்தத்தன்மை உள்ள இன்னொரு ஃபேஸ்) மாற்றும்.
- நைட்ரஜன், 400 டிகிரி செல்சியஸ் பக்கம்: விரிந்த ஆஸ்டெனைட், அதாவது நைட்ரஜன் புகுந்து படிக இடைவெளி பெருத்தது. எக்ஸ்ஆர்டி பீக் குறைந்த கோணத்துக்கு நகரும்.
- 450ஐத் தாண்டினால்: குரோமியம் நைட்ரைடு. குரோமியம் அதற்கே போய்விடுவதால் அரிப்பைத் தாங்கும் திறன் இறங்கிவிடும்.

எனக்கு வந்த கடினமான கேள்வி இது. ஒரு தேர்வாளர் பிரின்ட் அவுட் ஒன்றை நீட்டினார். தாமிர எக்ஸ் கதிரில் எடுத்த எக்ஸ்ஆர்டி வரைபடம். 43.6 டிகிரியில் ஆஸ்டெனைட் பீக், பக்கத்தில் 44.6ல் சின்ன மேடு. "இந்த மார்டென்சைட் அயனியால் வந்ததுதானே?" என்றார். "அயனி பதிக்காத சாம்பிளின் வரைபடம் இருக்கிறதா சார்?" என்று கேட்டேன். 304ஐ அழுத்தித் தேய்த்து பாலிஷ் செய்தாலே மேற்பரப்பில் மார்டென்சைட் வந்துவிடும். எலக்ட்ரோபாலிஷ் (தேய்க்காமல் மின்சாரத்தால் மெருகேற்றுவது) செய்து, பதிக்காத சாம்பிளையும் கூடவே அளந்தால்தான் அயனியின் பங்கு தெரியும். அதற்குப் பிறகு அவர் குறுக்கிடவே இல்லை.

இன்னும் சில:

- காந்தத்தன்மை தெரிந்தால் மார்டென்சைட் என்று முடிவு கட்டாதீர்கள். நைட்ரஜன் அதிகம் ஏறிய விரிந்த ஆஸ்டெனைட்டும் காந்தத்தன்மை காட்டும்.
- மாஸ்பவரில் சாதாரண ஆஸ்டெனைட் ஒற்றைக் கோடு, மார்டென்சைட் ஆறு கோடு. கையால் வரையத் தெரிந்திருக்க வேண்டும்.
- 316 என்ற இன்னொரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஒப்பிடச் சொல்வார்கள். அதில் நிக்கல் கூடுதல், ஆஸ்டெனைட் உறுதியானது, அதனால் மார்டென்சைட் அவ்வளவு எளிதில் வராது.